பிற தளங்களின் இணைப்பை நம்பாமல் வாசகரை அடையும் வழிகள்: ஓர் ஒப்பீடு

இணையதளத்தில் ஒரு கட்டுரையை வெளியிட்ட பிறகு அதை வாசகரிடம் கொண்டுசேர்க்க என்ன செய்வது என்று கேட்டால், பிற தளங்களிலிருந்து இணைப்புகளைத் திரட்டுங்கள் என்பதே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் விடை. அறிமுகமற்ற தள உரிமையாளர்களுக்கு நூற்றுக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பி இணைப்புக் கேட்பது, விருந்தினர் கட்டுரை எழுதிக் கொடுத்து அதில் தம் தளத்தின் முகவரியைச் செருகுவது, ஒருவருக்கொருவர் இணைப்புகளைப் பரிமாறிக்கொள்வது, கடைசியில் பணம் கொடுத்தே வாங்குவது என இது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அந்த உழைப்பைக் கைவிட்டு, அல்லது பெருமளவு குறைத்துக்கொண்டு, அதே நேரத்தையும் பணத்தையும் வேறு எந்த வழியில் செலவிடலாம் என்று முடிவுசெய்ய வேண்டியவர்களுக்காக இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். ஒருவரோ இருவரோ நடத்தும் தளம், வாரத்தில் ஒதுக்கக்கூடிய சில மணி நேரம், பெரிதாக இல்லாத பணம் என்ற நிலையையே முதன்மையாக மனத்தில் கொண்டிருக்கிறேன்; பெரிய குழுவும் தனி விளம்பரப் பிரிவும் உள்ள நிறுவனங்களுக்குக் கணக்கு வேறு.

இணைப்புகளுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம் உண்டு. லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1998இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, அந்தப் பக்கங்களுக்கே எவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதைக் கொண்டு அதன் முக்கியத்துவத்தைக் கணித்தது. ஒருவர் தாமாக முன்வந்து தரும் இணைப்பு ஒரு பரிந்துரைக்குச் சமம் என்ற ஊகமே அதன் அடித்தளம். பரிந்துரையை விலைக்கு வாங்கலாம் என்பது தெரிந்ததும் அந்த ஊகம் ஆட்டம் கண்டது. கருத்துப் பெட்டிகளில் குவிந்த குப்பை இணைப்புகளைக் கட்டுப்படுத்த, இந்த இணைப்பைப் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ குறியீடு 2005இல் வந்தது. 2012 ஏப்ரலில் கூகுள் தன் கணிப்புமுறையில் செய்த பென்குயின் என்னும் மாற்றம், செயற்கை இணைப்புகளால் மேலே ஏறியிருந்த தளங்களைக் கீழே தள்ளியது. 2014 தொடக்கத்தில், கூகுளின் குப்பைத் தடுப்புக் குழுவுக்குத் தலைமை வகித்த மேட் கட்ஸ், இணைப்புக்காகவே விருந்தினர் கட்டுரை எழுதும் வழக்கத்தை விட்டுவிடுமாறு வெளிப்படையாகவே எழுதினார். 2016இல் பென்குயின் கூகுளின் மையக் கணிப்புமுறையின் ஒரு பகுதியானது. அதன்பின் அது தளத்தையே கீழே தள்ளுவதைக் காட்டிலும், அத்தகைய இணைப்புகளைக் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிடுவதையே பெரும்பாலும் செய்கிறது. சிறிய தளங்களுக்கு இந்தக் கடைசி மாற்றமே முக்கியமானது. தண்டனை என்றால் சறுக்கல் கண்ணுக்குத் தெரியும். கணக்கில் கொள்ளாமல் விட்டால், பல மாத உழைப்பு வீணானது கூடத் தெரியாது.

ஆனால் இணைப்புகளுக்கு இனி மதிப்பே இல்லை என்று சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். மருத்துவம், காப்பீடு, கடன், முதலீடு போன்ற துறைகளில், உள்ளடக்கத் தரம் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் பல தளங்களுக்கிடையே, நம்பகமான இடங்களிலிருந்து வந்த இணைப்புகள் இன்றும் வேறுபாட்டை உண்டாக்குகின்றன. நான் சொல்ல வருவது இதைவிடச் சிறிய செய்தி: கேட்டும் கெஞ்சியும் இணைப்புத் திரட்டுவதற்குச் செலவாகும் ஒரு மணி நேரம், ஒரு சிறிய தளத்துக்குத் தரும் பலன், வேறு சில வழிகளில் செலவிடும் ஒரு மணி நேரத்தின் பலனைவிடக் குறைவு. அந்த வேறு வழிகள் எவை, அவற்றில் எதை முதலில் எடுப்பது என்பதே இங்குள்ள கேள்வி.

ஒப்பிடுவதற்கு அளவுகோல் வேண்டும். பொதுவாக எல்லோரும் பார்ப்பது பலன் எவ்வளவு விரைவில் வருகிறது, எவ்வளவு செலவாகிறது என்ற இரண்டையும்தான். இவற்றோடு, வேலையை நிறுத்திய பிறகும் பலன் எவ்வளவு காலம் நீடிக்கும், பலனை ஓரளவு நேர்மையாக அளக்க முடியுமா என்பவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது ஐந்தாவது கேள்வி: ஒருமுறை வந்துபோன வாசகரை மறுமுறை அடைவதற்கு யாருடைய தயவு தேவைப்படுகிறது? பல தளங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தும், ஒவ்வொரு மாதமும் முதலிலிருந்து தொடங்குவது போன்ற நிலையில் இருப்பதற்குக் காரணம், இந்தக் கேள்வியைக் கேட்காமல் வேகத்தை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்ததுதான் என்று கருதுகிறேன்.

தேடல்: இருப்பதைச் சீர்செய்வது

இணைப்புத் திரட்டாமலே தேடுபொறியிலிருந்து வாசகரைப் பெற முடியுமா என்ற ஐயம் இயல்பானது. போட்டி மிகுந்த ஓரிரு சொல் தேடல்களில் அது கடினம். நீளமான, குறிப்பான கேள்விகளில் அது சாத்தியம். ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு அதுவரை யாரும் தேடாதவை என்று கூகுள் பலமுறை கூறியிருக்கிறது. 2019இல் பெர்ட் என்னும் மொழி மாதிரியைத் தேடலில் புகுத்திய பிறகு, சொற்களைத் தனித்தனியாகப் பொருத்திப் பார்ப்பதைத் தாண்டி, கேள்வியின் முழுப் பொருளுக்கு நெருக்கமான பக்கத்தைக் கண்டெடுக்கும் திறன் அதற்குக் கூடியிருக்கிறது. குறிப்பான கேள்விக்குக் குறிப்பான விடையைத் தரும் பக்கம், அதற்கு வெளியிணைப்பு ஒன்றுகூட இல்லாவிட்டாலும், முதல் பக்கத்தில் இடம்பெறும் வாய்ப்பு இதனால்தான் இருக்கிறது.

ஏற்கெனவே சில பத்துக் கட்டுரைகள் உள்ள தளம் புதிதாக எழுதுவதை ஒரு மாதம் நிறுத்திவைத்து, இருப்பதைச் சீர்செய்வதே இந்த வழியின் சிறந்த தொடக்கம். கூகுளின் சர்ச் கன்சோல் என்னும் இலவசக் கருவி, எந்தெந்தத் தேடல்களில் தளத்தின் பக்கங்கள் காட்டப்பட்டன, எத்தனை முறை சொடுக்கப்பட்டன, சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றன என்பவற்றைக் காட்டும். அதில் 8ஆம் இடத்துக்கும் 20ஆம் இடத்துக்கும் நடுவே நிற்கும் தேடல்களைப் பிரித்தெடுத்துப் பார்த்தால், கட்டுரை ஏறத்தாழ விடை சொல்லியும் முழுமையாகச் சொல்லாமல் விட்ட கேள்விகள் தெரியவரும். அந்தக் கேள்விக்கான விடையைக் கட்டுரையின் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது, பழைய தகவல்களைப் புதுப்பிப்பது, ஒரே கேள்விக்குத் தளத்திலேயே இரண்டு மூன்று பக்கங்கள் போட்டியிட்டால் அவற்றை ஒன்றாக்கிப் பழைய முகவரிகளை நிரந்தரமாகத் திருப்பிவிடுவது ஆகிய வேலைகளுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

உள் இணைப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளியிணைப்புக்காக அலையும் பலர் தம் கையிலேயே இருக்கும் இணைப்புகளைக் கவனிப்பதில்லை. தளத்தின் வேறு எந்தப் பக்கமும் சுட்டாத கட்டுரைகள் எல்லாத் தளங்களிலும் இருக்கும். தேடுபொறியின் நிரல் அவற்றை எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். அதிகம் படிக்கப்படும் பக்கங்களிலிருந்து அத்தகைய கட்டுரைகளுக்கு, ‘இங்கே சொடுக்குக’ என்று எழுதாமல், அங்கே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் சொற்களில் இணைப்பு கொடுப்பது, என் கணிப்பில் ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் பலனில் முதலிடம் பெறும் வேலை. பேஜ்ரேங்க் கணக்கு தளத்துக்குள்ளே செல்லும் இணைப்புகளுக்கும் பொருந்தும் என்பதை நினைவில் கொண்டால் இதில் வியப்பில்லை.

தொழில்நுட்பச் சீர்திருத்தங்களில் சில பயனுள்ளவை, சிலவற்றுக்குத் தகுதிக்கு மீறிய பெயர். பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும், சொடுக்கியதற்குப் பதில் 200 மில்லிநொடிக்குள் வர வேண்டும் என்று பக்கத்தின் வேகத்துக்குக் கூகுள் வகுத்த கோர் வெப் வைட்டல்ஸ் வரம்புகளை எட்டுவது வாசகருக்கே நல்லது; ஆனால் மெலிந்த கட்டுரையை வேகம் காப்பாற்றாது. 2011இல் கூகுள், பிங், யாகூ ஆகியவை சேர்ந்து தொடங்கிய, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தேடுபொறிக்கு விளக்கும் ஸ்கீமா குறியீடுகளும் அப்படித்தான். கேள்வி பதில் பகுதிக்கு அந்தக் குறியீட்டைச் சேர்த்துத் தேடல் முடிவில் கூடுதல் இடம் பிடிப்பதைப் பலர் பெரிய உத்தியாகக் கொண்டிருந்தார்கள். 2023 ஆகஸ்டில் கூகுள் அந்தக் காட்சியைப் பெரும்பாலும் அரசு, நலவாழ்வுத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கியதும், சில நாளிலேயே அந்த உழைப்பின் பலன் போயிற்று.

இந்த எடுத்துக்காட்டிலேயே இவ்வழியின் குறை அடங்கியிருக்கிறது. தேடலிலிருந்து வரும் வாசகர் தேடுபொறியின் வாசகர். விடை கிடைத்ததும் போய்விடுவார், அடுத்த முறையும் அதுவே அனுப்பினால்தான் வருவார். விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் கூகுளின் பயனுள்ள உள்ளடக்கத்துக்கான மாற்றம் வந்தது, 2024 மார்ச்சில் அது மையக் கணிப்புமுறையோடு சேர்க்கப்பட்டது, அதே மாதத்தில் தரமற்ற பக்கங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்வதற்கு எதிரான கொள்கையும் அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிய ஏஐ ஓவர்வியூஸ், தேடல் முடிவின் உச்சியிலேயே விடையைத் தொகுத்துக் கொடுத்துவிடுவதால், ஒரு சொல்லுக்குப் பொருள் கூறும் பக்கங்கள், ஓரிரு வரியில் விடை முடிந்துவிடும் பக்கங்கள் ஆகியவற்றுக்கு வாசகர் உள்ளே வரக் காரணமே குறைந்துவிட்டது. ஆகவே இந்த வழியைத் தேர்பவர்கள், ஒப்பீடு, சோதனை, நேரடிப் பட்டறிவு, படிப்படியான சிக்கல் தீர்ப்பு என இரண்டு வரியில் சுருக்க முடியாத கட்டுரைகளின் பக்கம் நகர்வதே பாதுகாப்பானது. பலன் தெரிய மூன்று மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஆகலாம். வந்தபின், கையைக் கட்டிக்கொண்டிருந்தாலும் சில காலம் நிற்கும்.

மின்னஞ்சல் மடல்: மெதுவாக வளர்வது, ஆனால் தம்முடையதாகவே இருப்பது

ஐந்தாவது கேள்வியில் தெளிவாக வெல்வது மின்னஞ்சல். சந்தாதாரர்களின் பட்டியல் தளத்துக்குச் சொந்தமானது; மடல் அனுப்பும் சேவை பிடிக்காவிட்டால் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு சேவைக்கு மாறலாம். வேறு எந்த வழியிலும் இந்த உரிமை இவ்வளவு முழுமையாகக் கிடைப்பதில்லை. தளத்தின் புதிய கட்டுரைகளை வாசகரின் செயலிக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஓடைகளுக்கும் ஒருகாலத்தில் இதே தன்மை இருந்தது. அவற்றைப் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்ட பிறகு அவற்றைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஆர்வலர்கள் சிலரே. செலவில்லாதது என்பதால் ஓடையை வைத்திருக்கலாம், அதை நம்பித் திட்டமிட முடியாது.

ஆனால் மடலுக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதை மடலின் ஆதரவாளர்கள் மெல்லக் கடந்துபோய்விடுவார்கள்: அது தானாகப் புதிய வாசகரைக் கண்டுபிடிக்காது. பட்டியலில் 40 பேர் இருந்தால் மடல் 40 பேரைத்தான் அடையும். எனவே மடலைத் தனித்த வழியாகத் தேர்வது பொருளற்றது; வேறு ஒரு வழியில் வருபவர்களைத் தக்கவைக்கும் இடமாகவே அதைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது, சந்தாப் படிவம் எங்கே இருக்கிறது, என்ன வாக்குறுதி தருகிறது என்பவையே முக்கியமாகின்றன. பக்கம் திறந்த உடனே திரையை மறைக்கும் படிவத்தைவிட, கட்டுரையை முடித்தவரின் கண்ணில் படும் படிவம், குறைவான எண்ணிக்கையையும் கூடுதலான ஈடுபாட்டையும் தரும். ‘எங்கள் செய்திமடலில் இணையுங்கள்’ என்பதைவிட, எந்தப் பொருளில், எத்தனை நாளுக்கு ஒருமுறை, என்ன வரும் என்று சொல்லும் ஒரு வரி நன்றாக வேலை செய்யும்.

அனுப்புவதிலும் இப்போது ஒழுங்கு தேவைப்படுகிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் அனுப்புநர்களுக்கான விதிகளை இறுக்கியுள்ளன. நாளொன்றுக்கு 5,000க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் மடல் உண்மையிலேயே அவர்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று சரிபார்ப்புகளையும் அமைத்திருக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், குப்பை என்று புகார் செய்பவர்களின் விகிதத்தை 0.3 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். சிறிய பட்டியல் உள்ளவர்கள் இந்த எண்ணிக்கையை எட்டப்போவதில்லை. ஆயினும் இவற்றைத் தொடக்கத்திலேயே அமைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் 300 பேருக்கு அனுப்பும்போது 10 பேர் குப்பைப் பொத்தானை அழுத்தினால் அந்த விகிதம் 3 விழுக்காட்டைத் தாண்டிவிடும். விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு மடல் அனுப்புவதைவிட, தளத்தின் பெயரைக் கெடுக்க விரைவான வழி இல்லை.

அளவீட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2021இல் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, மடலில் உள்ள படங்களை வாசகர் திறக்காவிட்டாலும் முன்கூட்டியே இறக்கிக்கொள்வதால், திறந்தவர் விகிதம் என்ற எண் வீங்கிவிட்டது. சொடுக்கியவர்கள் எத்தனை பேர், பதில் எழுதியவர்கள் எத்தனை பேர் என்பவையே இப்போது நம்பத்தகுந்தவை. பதில் மடல்களுக்கு இன்னொரு பயனும் உண்டு: அடுத்து எழுத வேண்டிய கட்டுரைகளின் பட்டியலை அவையே தந்துவிடுகின்றன.

சமூக ஊடகம்: விரைவு உண்டு, பிடிமானம் இல்லை

பலன் விரைவில் வருகிறதா என்ற கேள்வியில் சமூக ஊடகமே முன்னிற்கும். ஒரு பதிவு பரவினால் சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் வரக்கூடும். மறுநாள் அந்தப் பதிவு இருந்த இடம் தெரியாது. அந்த வரவையும் சமூக ஊடகத் தளங்கள் நினைத்தபோது குறைக்க முடியும். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தரப்போவதாக அறிவித்தபோது, பக்கங்களின் வழியே வாசகரைப் பெற்றுவந்த பதிப்பாளர்கள் பலருடைய வரவு சுருங்கியது. அதே நிறுவனம் 2015இல் பதிப்பாளர்களுக்கென்றே தொடங்கிய, கட்டுரையைத் தன் செயலிக்குள்ளேயே திறந்து காட்டும் இன்ஸ்டன்ட் ஆர்ட்டிகிள்ஸ் வசதியை 2023இல் நிறுத்திவிட்டது. இவற்றில் சூழ்ச்சி எதுவும் இல்லை. பயனரைத் தம்மிடமே வைத்துக்கொள்வதில்தான் இத்தளங்களின் வருமானம் இருக்கிறது. வெளியே அழைத்துச் செல்லும் இணைப்பு அதற்கு எதிரானது, அவ்வளவே.

இந்த இயல்பை ஏற்றுக்கொண்டு பயன்படுத்தினால் சமூக ஊடகம் பயனுள்ளதே. இணைப்பையும் தலைப்பையும் மட்டும் இடாமல், கட்டுரையின் சாரத்தைப் பதிவிலேயே முழுமையாகக் கொடுத்துவிட்டு, மேலும் விரும்புவோருக்கு முகவரியைத் தருவது ஒரு முறை. எல்லாத் தளங்களிலும் இருக்க முயல்வதைவிட, தம் வாசகர் உண்மையிலேயே கூடும் ஒன்றைத் தேர்ந்து அங்கே உரையாடுவது இன்னொன்று. பகிரப்படும்போது சரியான தலைப்பும் படமும் தெரிவதற்கு ஓபன் கிராஃப் குறியீடுகள் ஒழுங்காக இருக்க வேண்டும். சிறிய வேலைதான், ஆனால் வாட்ஸ்அப், டெலிகிராம் போன்ற தனிப்பட்ட பகிர்வுகளிலும் அதுவே முகமாக நிற்கிறது. இத்தகைய தனிப்பட்ட பகிர்வின் வழியே வருபவர்கள் அளவீட்டுக் கருவியில் பெரும்பாலும் ‘நேரடி வரவு’ என்றே பதிவாவார்கள். தளத்தின் முகப்புக்கு அன்றி, நீண்ட முகவரியுள்ள ஓர் உட்பக்கத்துக்கு நேரடி வரவு திடீரெனக் கூடினால், யாரோ அதை எங்கோ ஒரு குழுவில் பகிர்ந்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அந்த நீளமான முகவரியை எவரும் விரலால் தட்டி வந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி பதில் தளங்களும் துறைசார் குழுக்களும்

ரெடிட், கோரா போன்ற தளங்களிலும், ஒவ்வொரு துறைக்கும் உரிய குழுக்களிலும் பங்கேற்பது, பலரும் தவறான காரணத்துக்காகச் செய்து தோற்கும் வழி. அங்கே இடப்படும் இணைப்புகள் பெரும்பாலும் நோஃபாலோ குறியீட்டோடு இருப்பதால் தேடுபொறி மதிப்பு என்ற நோக்கில் அவற்றை நம்ப முடியாது. விளம்பர வாடை வந்ததுமே உறுப்பினர்கள் விலக்கிவிடுவார்கள். மாறாக, ஒருவருடைய கேள்விக்கு அங்கேயே நிறைவான விடை தந்து, தேவை இருக்கும் இடத்தில் மட்டும் கட்டுரையைச் சுட்டுபவருக்கு இரண்டு பலன்கள் உண்டு. அந்த உரையாடல்களே தேடல் முடிவுகளில் மேலே வருவதால் பல மாதங்களுக்குப் பிறகும் அதன் வழியே வாசகர் வருவார். அதைவிட, மக்கள் தம் சிக்கலை எந்தச் சொற்களில் கேட்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். தேடலுக்கான கட்டுரையின் தலைப்பையும் கேள்வியையும் வகுக்க அதைவிடச் சிறந்த மூலம் எனக்குத் தெரிந்து இல்லை. நேரத்தை விழுங்கும் வழி இது, பெருக்கவும் முடியாது. ஆனால் 10 கட்டுரைகூட இல்லாத புதிய தளத்துக்கு முதல் வாசகர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருவார்கள்.

கட்டண விளம்பரம்

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்ற பழமொழி கட்டண விளம்பரத்துக்கு முழுமையாகப் பொருந்தும். ஏல முறையில் இயங்கும் இந்த விளம்பரங்களில் பணம் நின்ற அன்றே வரவும் நிற்கும். எதையும் விற்காத, வெறும் கட்டுரைகள் மட்டுமே உள்ள தளம் வாசகரை விலைக்கு வாங்குவது நெடுங்காலத்துக்குத் தாங்காது. ஆனால் இரண்டு சிறிய பயன்களுக்கு இது ஏற்றது. ஒரே கட்டுரைக்கு இரண்டு தலைப்புகளில் எது ஈர்க்கிறது என்று சில நாளில் அறிந்துகொள்ளலாம். சந்தாதாரரைச் சேர்க்கவும் பயன்படுத்தலாம், கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு: 100 சொடுக்குகளுக்கு 2 பேர் மடலில் இணைகிறார்கள் என்றால், ஒரு சந்தாதாரரின் விலை 50 சொடுக்குகளின் விலை. அந்தச் சந்தாதாரரால் காலப்போக்கில் அதைவிடக் கூடுதலாக வருமானம் உண்டு என்று காட்ட முடியாத தளம் இந்த வழியை எடுக்கக் கூடாது. 2 பேர் என்பதை 4 பேராக உயர்த்தப் படிவத்தையும் பக்கத்தையும் முதலில் சீர்செய்தால் விலை பாதியாகும் என்பதால், விளம்பரத்துக்கு முன்பு செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் தளத்துக்குள்ளேயே மிச்சமிருக்கும்.

மறுவடிவமும் மறுபதிப்பும்

கட்டுரையைக் காணொளியாகவோ ஒலிப்பதிவாகவோ மாற்றி வெளியிடுவது வேறு வகை வாசகரை எட்டும். ஆனால் அது தனிக் கலை, தனி உழைப்பு. கேமரா முன் இயல்பாகப் பேச வராதவர்கள் கட்டாயத்துக்காக இதில் இறங்க வேண்டியதில்லை. செய்து காட்டினால் மட்டுமே விளங்கக்கூடிய பொருளென்றால் மட்டும் கணக்கு மாறும். பெரிய தளங்களில் கட்டுரையை மறுபதிப்பு செய்யக் கொடுப்பது எளிது, ஆனால் தேடலில் மறுபதிப்பே மூலத்துக்கு மேலே நிற்கும் ஆபத்து உண்டு. மூல முகவரியைச் சுட்டும் கனானிக்கல் குறியீடு இதற்குப் போதும் என்று முன்பு நம்பப்பட்டது. மறுபதிப்புச் செய்யும் தளம் அந்தப் பக்கத்தைத் தேடலில் சேராதவாறு தடுப்பதே சரியென்பது கூகுளின் இப்போதைய பரிந்துரை. அதற்கு ஒப்பாத தளத்துக்கு முழுக் கட்டுரையைக் கொடுப்பதைவிடச் சுருக்கத்தைக் கொடுப்பது நல்லது.

கேட்காமலே இணைப்பு வரும் பக்கங்கள்

ஒரு வழி இந்த ஒப்பீட்டின் எல்லையிலேயே நிற்கிறது. பிறர் தம் கட்டுரையில் மேற்கோள் காட்டத் தேவைப்படும் ஒன்றை உருவாக்கி வைப்பது: தாமே திரட்டிய தரவு, துறையில் சிதறிக் கிடக்கும் தகவல்களைச் சரிபார்த்துத் தொகுத்த அட்டவணை, ஒரு கணிப்பான், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பீடு. இத்தகைய பக்கத்துக்கு யாரிடமும் கேட்காமலே இணைப்புகள் சேரும், ஏனெனில் எழுதுபவர்களுக்குச் சான்று தேவைப்படும்போது அவர்கள் தேடிப்பிடிப்பது இத்தகைய பக்கங்களைத்தான். தொடக்க உழைப்பு மிகக் கூடுதல்; ஒரு சாதாரணக் கட்டுரையைப் போலப் பத்து மடங்கு நேரம் பிடிக்கலாம், சரியான பொருளைத் தேராவிட்டால் முழுவதும் வீணாகும். புதுப்பிக்காமல் விட்டால் அதன் மதிப்பு வேகமாகக் குறையும். இருந்தும், இணைப்பைத் தவிர்க்கவே முடியாத போட்டித் துறைகளில் இருக்கும் சிறிய தளங்களுக்கு இதையே பரிந்துரைப்பேன். ஆண்டுக்கு ஒரு பக்கம் போதும்.

எதை, எந்த வரிசையில்

கட்டுரைகள் நிறைய இருந்தும் வாசகர் குறைவாக உள்ள பழைய தளத்துக்கு முடிவு எளிது: முதல் மூன்று மாதம் தேடலுக்கான சீர்திருத்தமும் உள் இணைப்புகளும், அதோடு ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் மடல் படிவம். சமூக ஊடகத்தில் ஒரே ஒரு தளம், அதுவும் வாரத்துக்கு ஓரிரு பதிவு. விளம்பரத்தை இந்தக் கட்டத்தில் தொடவே வேண்டாம்.

புதிய தளத்துக்கு இதே வரிசை பொருந்தாது, ஏனெனில் சீர்செய்ய அங்கே எதுவும் இல்லை. தேடுபொறி அதை அறிந்துகொள்ளவே காலம் எடுக்கும். குழுக்களில் பங்கேற்று, அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்குத் தளத்தில் கட்டுரை எழுதி, வந்தவர்களில் விருப்பமுள்ளவர்களை மடலில் சேர்த்துக்கொண்டு போவதே நடைமுறைக்கு ஏற்றது. மடல் தொடங்க வாசகர் பெருகட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வந்து போன ஒவ்வொரு மாதத்து வாசகரும் திரும்ப அழைக்க வழியில்லாமல் போனவர்கள்தாம்.

நாள்பட்டால் மதிப்பிழக்கும் செய்திகளையும் நிகழ்வுகளையும் எழுதும் தளத்துக்குத் தேடல் தாமதமாகத்தான் உதவும். அங்கே மடலும் சமூக ஊடகமுமே முதன்மை. பணம் இருக்கிறது, நேரம் இல்லை என்பவர்கள் விளம்பரத்தின் பக்கம் சாய்வது இயல்பு. அவர்கள் அந்தப் பணத்தில் ஒரு நல்ல பதிப்பாசிரியரை அமர்த்தி இருக்கும் கட்டுரைகளைச் சீர்செய்வது கூடுதல் பலன் தரும் என்பது என் கருத்து.

எந்த வரிசையை எடுத்தாலும், வெளியே பகிரும் ஒவ்வொரு முகவரியிலும் அது எங்கே பகிரப்பட்டது என்பதைக் குறிக்கும் யுடிஎம் குறியை முதல் நாளிலிருந்தே சேர்த்துவிட வேண்டும். பின்னால் சேர்த்தால் முந்தைய மாதங்களோடு ஒப்பிட முடியாது. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், நாள்தோறும் பார்ப்பது மனக்கலக்கத்தைத் தவிர எதையும் தராது. ஆறு மாதம் கழித்தும் தேடலில் காட்டப்படும் எண்ணிக்கையே கூடவில்லை என்றால், குறை பரப்புவதில் இல்லை, தேர்ந்த பொருளில் இருக்கிறது. யாரும் கேட்காத கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டிருக்கிறோம். காட்டப்படுவது கூடியும் சொடுக்குகள் கூடவில்லை என்றால் தலைப்பையும் தேடலில் தெரியும் சுருக்கத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும், அல்லது அந்தக் கேள்விக்கான விடையைத் தேடுபொறியே உச்சியில் கொடுத்துவிடுகிறதா என்று கவனிக்க வேண்டும். சொடுக்குகள் வந்தும் சந்தாதாரர் சேரவில்லை என்றால் படிவத்தின் வாக்குறுதி தெளிவற்றது. சந்தாதாரர் சேர்ந்தும் மடலில் எவரும் எதையும் சொடுக்கவில்லை என்றால், வாக்குறுதி அளித்ததற்கும் அனுப்புவதற்கும் இடைவெளி விழுந்திருக்கிறது. அப்போது புதிய வாசகரைத் தேடும் வேலைகளை நிறுத்திவைத்துவிட்டு, கடைசி ஐந்தாறு மடல்களை எடுத்து வைத்துப் படித்துப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.